உலைக் கலனை எப்படி வெட்டுவது: ரம்பமா, நெருப்பா, நீர்த்தாரையா, வெட்டாமலே எடுப்பதா?

மூடப்பட்ட அணு உலையின் கலனைத் துண்டாக்கி அகற்றும் வேலையை, எந்தக் கருவி வேகமாக வெட்டும் என்று கேட்டுக்கொண்டு தொடங்கினால் பெரும்பாலும் தவறான கருவியிடம்தான் போய் நிற்போம். உலோகத்தை வெட்டும் நேரம் மொத்த நேரத்தில் சிறு பங்குதான். கருவியைப் பொருத்துவது, துண்டைப் பிடித்துத் தூக்குவது, கழிவுப் பெட்டியில் அடுக்குவது, வெட்டு நடக்கும் குளத்தில் கலங்கிய நீரைத் தெளிய வைப்பது, வடிகட்டியும் பிலேடும் மாற்றுவது ஆகியவைதான் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது வேறு. ஒவ்வொரு வெட்டும் எதை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது? அந்த மிச்சத்தை எப்படி அள்ளி, எந்தப் பெட்டியில் போடப் போகிறோம்? கருவியைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் இதுதான்.

இங்கே பேசுவது அழுத்த நீர் உலை, கொதிநீர் உலை ஆகியவற்றின் எஃகுக் கலன்களைப் பற்றி மட்டும்.

ஒரே கலன், இரண்டு வேலைகள்

பெரிய அழுத்த நீர் உலை ஒன்றின் கலன் ஏறத்தாழ 4.4 மீட்டர் உள்விட்டமும் 12 முதல் 13 மீட்டர் உயரமும் உள்ளது. எரிபொருள் நின்ற மட்டத்தில் சுவர் 200 முதல் 250 மி.மீ. தடிமன் இருக்கும். குழாய்கள் சேரும் வாய்களிலும் மேல் விளிம்பிலும் தடிமன் இன்னும் ஏறும். சுவர் குறைகலப்பு எஃகு. அதன் உட்புறம் முழுவதும் 5 முதல் 8 மி.மீ. வரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பூச்சு உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். இந்த மெல்லிய பூச்சு பின்னால் பெரிய தொல்லை தரும். அதைப் பிறகு பார்ப்போம். கொதிநீர் உலையின் கலன் இதைவிட அகலம், உயரம் இரண்டிலும் பெரியது; சுவர் மட்டும் சற்று மெல்லியது.

கலனுக்குள்ளே உட்பாகங்கள் இருக்கின்றன. எரிபொருளை நெருக்கிச் சூழ்ந்து நிற்கும் பேஃபிள் தகடுகள், அவற்றைத் தாங்கும் ஃபார்மர் தகடுகள், வெளியே இவற்றைச் சுற்றி நிற்கும் உருளையான கோர் பேரல், சில உலைகளில் வெப்பக் கவசம், அடியில் எரிபொருள் தொகுதியை (கோர்) தாங்கும் தட்டு. இவை எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பேஃபிள் தகடு 25 முதல் 30 மி.மீ. தடிமன்தான். ஆனால் பல பத்தாண்டுகள் நியூட்ரான் மழையில் நின்ற தகடு அது. தொட்ட தூரத்தில் மணிக்கு நூற்றுக்கணக்கான சீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) அளவில் கதிர்வீச்சு தரும். உலையில் எஞ்சியிருக்கும் கதிரியக்கத்தின் மிகப் பெரும் பங்கு இந்த உட்பாகங்களில்தான் குடிகொண்டிருக்கிறது. கனத்த சுவரில் இருப்பது அதனோடு ஒப்பிட்டால் சொற்பம்.

எனவே ஒன்று மெல்லியது, ஆனால் கதிரியக்கத்தில் மிகச் சூடானது. மற்றொன்று மிகத் தடித்தது, ஆனால் ஓரளவு அடங்கியது. இரண்டுக்கும் ஒரே கருவி என்று முடிவு கட்டுவதுதான் திட்டங்களில் முதலில் நிகழும் பிழை. உட்பாகங்களுக்கு ஒரு முடிவு, சுவருக்கு ஒரு முடிவு என்று தனித்தனியாக எடுக்க வேண்டும்.

காத்திருந்தால் சுலபமாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. வேலையாட்களுக்குக் கிடைக்கும் டோஸ், அதாவது உடலில் ஏறும் கதிர்வீச்சு, பெரும்பாலும் கோபால்ட்-60 தருவது. அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டு, 30 ஆண்டு காத்தால் சுமார் 2 சதவீதம்தான் மிஞ்சும். ஆனால் நிக்கல்-63க்கு அரை ஆயுள் 100 ஆண்டு, நயோபியம்-94க்கு 20,000 ஆண்டு. கழிவு எந்தப் புதைப்பு வகுப்பில் சேரும் என்பதைத் தீர்மானிப்பவை இவைதாம். ஆகவே காத்திருப்பு வேலையாட்களின் டோஸைக் குறைக்கும். பேஃபிள் தகட்டின் கழிவு வகுப்பை அசைக்காது. சுவரைக் காற்றில் வைத்தே வெட்டலாமா என்ற கேள்விக்கு மட்டும் காத்திருப்பு உண்மையில் உதவும்.

பெட்டியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

வெட்டுத் திட்டத்தைக் கலனின் வரைபடத்தில் தொடங்கக் கூடாது; பெட்டியின் உள்ளளவில் தொடங்க வேண்டும். ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

உள்விட்டம் 4.4 மீ., சுவர் 220 மி.மீ. உள்ள கலனிலிருந்து 1 மீட்டர் உயர வளையம் ஒன்றை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். சுவரின் நடுவழியே சுற்றளவு சுமார் 14.5 மீட்டர். வளையத்தின் எடை ஏறத்தாழ 25 டன். அதை எட்டுத் துண்டாக்கினால் ஒவ்வொன்றும் 3.1 டன், முகப்பு அகலம் 1.85 மீ., வளைவையும் சேர்த்த ஆழம் 0.39 மீ. ஆறு துண்டு என்றால் 4.2 டன், 2.42 மீ. அகலம், 0.52 மீ. ஆழம். செங்குத்து வெட்டு எட்டிலிருந்து ஆறாகக் குறைகிறது, கால் பங்கு வேலை மிச்சம். ஆனால் அகலமும் ஆழமும் ஏறிவிட்டதால் துண்டு பெட்டிக்குள் போகாமலோ, போனாலும் அடியில் வெற்றிடம் விட்டோ நிற்கலாம். வளைந்த துண்டுகளைக் கிண்ணங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க முடியுமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே வரைந்து பார்த்துவிட வேண்டும். வெட்டிய பிறகு பார்ப்பதில் பயனில்லை.

இன்னொரு கட்டுப்பாடு கதிரியக்கச் செறிவு. சூடான பகுதியைக் குளிர்ந்த பகுதியோடு சேர்த்து ஒரே துண்டாக எடுத்தால் சராசரி குறைந்து தாழ்ந்த வகுப்பில் சேரும் என்று தோன்றும். ஆனால் எவ்வளவு தூரம் சராசரி எடுக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் விதி உண்டு. அந்த விதிக்குள் வராத பேஃபிள் தகடுகளைத் தனியாகப் பிரித்து ஆழ்நிலப் புதைப்புக்கு என்று வைக்க வேண்டியதுதான். வெட்டுக்கோடு எங்கே விழ வேண்டும் என்பதை வடிவியல் பாதியும், நியூட்ரான்கள் எங்கே எவ்வளவு கதிரியக்கம் ஏற்றின என்ற கணக்கு பாதியுமாகத் தீர்மானிக்கின்றன. இந்தக் கணக்கைச் சரிபார்க்க உண்மையான மாதிரித் துண்டு எடுத்து அளக்காமல், கணினி முடிவை மட்டும் நம்பிப் பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுப்பது ஆபத்து. எஃகில் இருந்த கோபால்ட், நயோபியம் கலப்படம் வார்ப்புக்கு வார்ப்பு மாறும்.

அதே வளையத்தில் வெட்டு விட்டுச் செல்லும் மிச்சத்தையும் கணக்கிடுவோம். ஒரு முழுச் சுற்று வெட்டின் பரப்பு 3.19 சதுர மீட்டர். வெட்டுத் தடம் 10 மி.மீ. அகலம் என்றால் 250 கிலோ எஃகு தூளாகவோ சீவலாகவோ கசடாகவோ வெளியேறுகிறது. 3 மி.மீ. என்றால் 75 கிலோ. 2 மி.மீ. என்றால் 50 கிலோ. கருவிகளை ஒப்பிடும்போது இந்த எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரம்பமும் மில்லிங்கும்

உட்பாகங்களைக் கதிர்வீச்சைத் தடுக்கும் தண்ணீருக்கடியில் வட்ட ரம்பம், பேண்ட் ரம்பம், மில்லிங் கட்டர் (சுழலும் பற்களால் சீவிச் செல்லும் கருவி) கொண்டு வெட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. காரணம் வேகம் அல்ல. சீவல் பெரிதாக, கனமாக வருகிறது. நேரே கீழே விழுகிறது. அடியில் வைத்த தட்டில் சேர்கிறது. நீர் தெளிவாக இருக்கிறது. நீர் தெளிவாக இருந்தால் கேமராவில் வெட்டு தெரியும். கேமராவில் வெட்டு தெரியும் வரைதான் வேலை நகரும்.

பெல்ஜியத்தின் மோல் நகரில் உள்ள பி.ஆர்.3 உலை இதற்கு நல்ல சான்று. 10.5 மெகாவாட் மட்டுமே கொண்ட சிறிய அழுத்த நீர் உலை, 1987இல் மூடப்பட்டது. அதன் வெப்பக் கவசத்தை வைத்து பிளாஸ்மா (மின்வில்லால் சூடேறிய வாயுத் தாரை), மின்பொறி அரிப்பு, மில்லிங் கட்டர் என்ற மூன்று முறைகளையும் அருகருகே சோதித்தார்கள். மிச்சத்தையும் நீரின் நிலையையும் சேர்த்துப் பார்த்தபோது இயந்திர வெட்டே மேலோங்கியது. பின்னர் கலனையே நீர்க்குளத்துக்குள் தூக்கி வைத்து பேண்ட் ரம்பத்தாலும் மில்லிங் கட்டராலும் துண்டாக்கினார்கள். ஸ்பெயினின் ஹோசே கப்ரேரா நிலையத்தில் உட்பாகங்களும் கலனும் நீருக்கடியில் இயந்திர வெட்டாலேயே முடிக்கப்பட்டன.

இந்த முறைக்கும் விலை உண்டு. முதலாவது, வெட்டு விசை. ரம்பம் தள்ளும் விசையைத் தாங்க வலுவான சட்டகம் வேண்டும், துண்டு அசையாமல் பிடிக்கும் கவ்விகள் வேண்டும். பிடி தளர்ந்தால் அதிர்வு வரும், அதிர்வு வந்தால் பல் உடையும். இரண்டாவது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் குணம். ரம்பம் வெட்டாமல் மேலே உரசிக்கொண்டிருந்தால் அந்த மேற்பரப்பு இறுகிக் கெட்டியாகிவிடும். அடுத்த பல் அதில் ஏறாது. ஆகவே பயந்து ஊட்டத்தை, அதாவது பிலேடை உலோகத்துக்குள் தள்ளும் வேகத்தை, குறைப்பதுதான் பிலேடைக் கொல்லும் வழி. மெதுவான சுழற்சி, தயங்காத ஊட்டம் என்பதே சரி. மூன்றாவது, வெட்டு முடியும் தறுவாயில் உள்ளழுத்தம் விடுபட்டுத் தடம் நெருங்கி பிலேடைக் கவ்விக்கொள்ளும். அதற்கு வெட்டு முன்னேற முன்னேற பின்னால் ஆப்பு அடித்துக்கொண்டே போக வேண்டும். இந்த ஆப்புகளை நீண்ட கம்பின் நுனியில் பொருத்தி முதலிலேயே தயாராக வைப்பது ஒரு நாள் வேலை. மாட்டிக்கொண்ட பிலேடை மீட்பது ஒரு வார வேலை.

கருவியின் வடிவமும் கட்டுப்படுத்தும். வட்ட ரம்பத்தின் மையத்தில் அச்சும் தாங்கியும் இருப்பதால் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழமாக இறங்காது. பேண்ட் ரம்பம் ஆழமாக வெட்டும், தடமும் மெல்லியது. ஆனால் துண்டின் இரு பக்கமும் போய் வரும் இடம் கேட்கும். மேலே கிரேனில் தொங்கும் பேண்ட் ரம்பம் கலனுக்குள் உள்ள எல்லா மூலைகளிலும் நுழைந்துவிடாது. அதனால்தான் ஒரே திட்டத்தில் மூன்று நான்கு வகை ரம்பங்கள் நிற்கின்றன. மெல்லிய அளவுக்கருவிக் குழாய்களையும் கம்பிகளையும் ரம்பத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம். ஹைட்ராலிக் கத்தரி அவற்றை நொடியில் நறுக்கிவிடும், தூளும் வராது.

மணல் கலந்த நீர்த்தாரை

காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல முறை இல்லை என்று தோன்றும். வெட்டு விசை கிட்டத்தட்ட இல்லை. முனை சிறியது, எந்த இடுக்கிலும் நுழையும். வெப்பம் இல்லை, புகை இல்லை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் குறைகலப்பு எஃகும் அதற்கு ஒன்றுதான். அமெரிக்காவில் ஹேடம் நெக், மெய்ன் யாங்கி நிலையங்களின் உட்பாகங்களும், ராஞ்சோ செக்கோவின் கலனும் நீர்த்தாரையால் வெட்டப்பட்டன.

சிக்கல் முழுவதும் மிச்சத்தில் இருக்கிறது. அதே வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 220 மி.மீ. சுவரில் நிமிடத்துக்கு 10 மி.மீ. நகர்வு, நிமிடத்துக்கு அரை கிலோ கார்னெட் மணல் என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு 24 மணி நேரமும் சுமார் 725 கிலோ மணலும் ஆகும். 3 மி.மீ. தடத்தில் வெட்டிய எஃகு 75 கிலோதான். ஆனால் அது நுண்தூளாக அந்த 725 கிலோ மணலோடு கலந்து நீரில் மிதக்கிறது. 10 மி.மீ. தடம் விடும் ரம்பம் தந்த 250 கிலோ சீவலை ஒரு தட்டில் அள்ளிவிடலாம். இந்த 800 கிலோ சேற்றை உறிஞ்சி, பிரித்து, காய வைத்து, தனிப் பெட்டிகளில் அடைக்க ஒரு சிறு தொழிற்சாலையே வேண்டும்.

ஹேடம் நெக்கில் கற்றுக்கொண்ட முக்கியப் பாடம் அந்தச் சிறு தொழிற்சாலையைப் பற்றியதுதான். தூள் பிடிக்கும் அமைப்பின் திறன்தான் வேலையின் வேகத்தைத் தீர்மானித்தது. அடுத்து வந்த மெய்ன் யாங்கி திட்டம் அந்த அனுபவத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தொடங்கியது. வடிகட்டியே பெருங்கதிர்வீச்சு மூலமாக மாறிவிடும் என்பதை மறக்கக் கூடாது. பேஃபிள் தகட்டின் தூள் சேர்ந்த ஒரு வடிகட்டி, அந்தத் தகட்டின் கழிவு வகுப்புக்கே போய்ச் சேரும். வடிகட்டியை எப்போது மாற்றுவது என்பதை அழுத்த வீழ்ச்சியை வைத்து மட்டும் முடிவு செய்யாமல் டோஸ் மீட்டரை வைத்தும் முடிவு செய்ய வேண்டும்.

இதில் இரண்டு வகை உண்டு. பொதுவாகக் காண்பது 3,500 பாருக்கும் மேலான அழுத்தத்தில் வரும் சுத்த நீர், முனையில் மணலை உறிஞ்சிக்கொள்ளும் வகை. மணலோடு காற்றும் உள்ளே வரும். அந்தக் குமிழிகள் நுண்தூளைத் தூக்கிக்கொண்டு நீர்ப்பரப்பில் வெடிக்கும். மற்றது மணலையும் நீரையும் முன்பே கலந்து சுமார் 2,000 பாரில் அனுப்பும் வகை. காற்று இல்லாததால் நீர்மட்டத்தில் தூள் எழும்புவது குறைவு. குறைந்த அழுத்தத்திலேயே தடித்த எஃகையும் வெட்டும். ஜெர்மனியின் வுர்காசன் உலையில் பயன்பட்டது இந்த இரண்டாம் வகை. நீருக்கடியில்தான் வெட்டப் போகிறோம் என்றால் எங்கள் கருத்தில் இதுவே மேல்.

அடிக்கடி நடக்கும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். தாரை சுவரின் முன்முகத்தில் நுழைந்த இடத்துக்கு நேர் எதிரே வெளியேறாது. பின்னால் சாய்ந்து, தாமதித்து வெளியேறும். நேர்கோட்டில் இது தெரியாது. மூலையிலோ வெட்டின் கடைசியிலோ பின்முகத்தில் சில சென்டிமீட்டர் எஃகு வெட்டுப்படாமல் பாலம் போல நிற்கும். கேமரா முன்முகத்தை மட்டும் காட்டுவதால் வெட்டு முடிந்தது என்றே தோன்றும். கிரேன் தூக்கும்போதுதான் எடைகாட்டி எகிறும். ஒவ்வொரு வெட்டின் கடைசியிலும் வேகத்தைக் குறைப்பதும், கொஞ்சம் தாண்டி வெட்டுவதும், பின்முகத்துக்கு என்று இன்னொரு கேமரா வைப்பதும் கட்டாயம். எடைகாட்டியில் ஒரு உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டினால் கிரேன் தானாக நிற்கும்படி அமைத்துவிட வேண்டும்.

நெருப்பு

கனத்த சுவரைப் பொறுத்தவரை கேஸ் கட்டிங்கை எந்த ரம்பமும் வேகத்தில் நெருங்காது. மேலே சொன்ன 14.5 மீட்டர் சுற்றை நிமிடத்துக்கு 100 மி.மீ. வேகத்தில் வெட்டினால் இரண்டரை மணி நேரம் போதும். ஜெர்மனியின் ஷ்டாடே, அமெரிக்காவின் ஸயான் நிலையங்களின் கலன்கள் இப்படித்தான் வெட்டப்பட்டன. ஸயானில் புரொப்பேனும் ஆக்சிஜனும்.

இங்கேதான் அந்த மெல்லிய பூச்சு குறுக்கே வருகிறது. கேஸ் கட்டிங் உண்மையில் உருக்கும் வேலை அல்ல, எரிக்கும் வேலை. சுடுசிவப்பாகக் காய்ந்த இரும்பு ஆக்சிஜனில் எரிகிறது. எரிந்த ஆக்சைடு எஃகைவிடத் தாழ்ந்த அல்லது அதே அளவு வெப்பத்தில் உருகுவதால் தாரையோடு வழிந்து ஓடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் உள்ள குரோமியம் எரிந்து உண்டாக்கும் ஆக்சைடு உருக 2,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அது ஒரு மூடி போல மேலே உட்கார்ந்து, அடியில் உள்ள உலோகத்துக்கு ஆக்சிஜன் போகாமல் தடுத்துவிடும். எனவே கலனின் உட்பக்கத்திலிருந்து, அதாவது பூச்சுப் பக்கத்திலிருந்து சுடரை வைத்தால் வெட்டு தொடங்கவே தொடங்காது. வெளிப்பக்கத்திலிருந்து தொடங்கினால் 200 மி.மீ. எஃகு எரிந்த கசடின் வெப்பமும் வேகமும் சேர்ந்து பூச்சைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இந்த ஒரு திசை முடிவால் மற்ற எல்லாம் மாறும். வெளிப்பக்கம் சுடர் போக வேண்டும் என்றால் கலனைச் சுற்றியுள்ள வெப்பக் காப்பை முதலில் கழற்ற வேண்டும். கலனைக் குழியிலிருந்து உயர்த்தித் தொங்கவிட்டோ, வெட்டும் மேடைக்கு நகர்த்தியோதான் வெட்ட வேண்டும். கசடு கலனுக்குள்ளே கொட்டும். அங்கே பிடிக்கும் தொட்டியும் தீ தடுப்பும் வேண்டும்.

காற்றில் வெட்டுவதால் புகை வரும். இதில் சமரசம் கிடையாது. வெட்டும் இடத்தைச் சுற்றிக் கூடாரம், உள்நோக்கி இழுக்கும் காற்றோட்டம், பொறி தடுப்பான், முன்வடிகட்டி, அதன் பின் நுண்துகள் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி என்ற வரிசை வேண்டும். பொறி தடுப்பானை விட்டுவிட்டால் ஹெப்பா தாளில் தீப்பற்றும். முன்வடிகட்டி தன்னைத்தானே உதறிச் சுத்தம் செய்யும் வகையாக இல்லாவிட்டால் நாளுக்குப் பல முறை நின்று மாற்ற வேண்டிவரும், அதனோடு வேகத்தின் லாபமும் போய்விடும். கலனுக்குள் ஒட்டியிருக்கும் தளர்வான மாசை முதலில் கழுவி எடுத்து, மீந்ததைப் பெயின்ட் போன்ற பூச்சால் ஒட்டவைத்துவிட்டு வெட்டினால் புகையின் கதிரியக்கம் வெகுவாகக் குறையும்.

பிளாஸ்மா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் வெட்டும், நீருக்கடியிலும் வெட்டும். 1990களின் முற்பகுதியில் யாங்கி ரோ நிலைய உட்பாகங்கள் இப்படி வெட்டப்பட்டன. ஆனால் சுமார் 100 மி.மீ. தடிமனைத் தாண்டினால் நம்பகம் குறையும். நீரில் நுண்தூள் மேகமாகச் சூழ்ந்து கேமராவை மறைக்கும். முக்கியமாக ஹைட்ரஜன். வெட்டு வாயுவில் கலந்த ஹைட்ரஜனும், சுடர் பிளந்த நீரிலிருந்து வருவதும் சேர்ந்து துண்டின் அடியிலோ, தலைகீழ்க் கிண்ணம் போன்ற ஏதோ ஒரு மடிப்பிலோ தேங்கும். மூடிய குழிவுகளில் வெளியேறு துளை போடாமல் பிளாஸ்மாவைத் தொடங்கக் கூடாது. ரம்பம் எட்டாத இடத்தில் ஒன்றிரண்டு வெட்டுக்குப் பிளாஸ்மா நல்லது; முழுத் திட்டத்தையும் அதன்மேல் கட்டுவது இன்று சரியல்ல.

மற்றவை, சுருக்கமாக

பல் இல்லாத சுழல் தட்டும் மின்பொறியும் சேர்ந்த ஆர்க் ரம்பத்தால் ஜப்பானின் ஜே.பி.டி.ஆர். உலைக் கலன் நீருக்கடியில் வெட்டப்பட்டது. சாதனைதான், ஆனால் நீரை மோசமாகக் கலக்கும். இன்று யாரும் முதல் தேர்வாக வைப்பதில்லை. மின்பொறி அரிப்பு மிக மெதுவானது. பேஃபிள் போல்ட்டுகளின் தலையைக் குடைந்து எடுக்க மட்டும் அருமையான கருவி. லேசரின் வெட்டுத் தடம் மெல்லியது, விசை இல்லை, ஒளியிழையால் வெகுதூரம் கொண்டுபோகலாம். ஆனால் வெட்டைத் தாண்டிப் போகும் மிச்ச ஒளிக்கற்றை பின்னால் நிற்பதையும் சுடும், அதற்கு ஒரு தடுப்பு எப்போதும் பின்னால் வேண்டும். உட்பாகங்களுக்கு அதன் காலம் வந்துகொண்டிருக்கிறது. வைரத் துகள் பதித்த வயர் கான்கிரீட்டுக்கு அரசன். அமெரிக்காவின் ஃபோர்ட் செயின்ட் விரெயின் நிலையத்தில் முன்னழுத்தக் கான்கிரீட் கலனின் தலைப்பகுதி அதனால்தான் வெட்டப்பட்டது. எஃகை வெட்டும்போது வயர் வேகமாகத் தேயும். ஆனாலும் கலனுக்குள் கிரவுட் (சிமென்ட் குழம்பு) ஊற்றி நிரப்பிவிட்டு, எஃகையும் கிரவுட்டையும் ஒரே வெட்டில் கடந்து, மிகச் சில பெருந்துண்டுகளாக எடுக்கும் திட்டங்களுக்கு அது பொருந்துகிறது.

வெட்டாமல் எடுப்பது

எந்த வெட்டும் தராத ஒன்றை இது தருகிறது: தூள் இல்லை, புகை இல்லை, நீர் கலங்காது, டோஸ் மிகக் குறைவு. 1999 ஆகஸ்டில் ஓரிகனின் ட்ரோஜன் நிலையக் கலன் உட்பாகங்களோடு சேர்த்தே இலகு கான்கிரீட்டால் நிரப்பப்பட்டு, எஃகுக் கவசம் போர்த்தப்பட்டு, சுமார் 1,000 டன் பொதியாகக் கொலம்பியா ஆற்றில் பார்ஜ் (சரக்குப் படகு) ஏறி வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டு புதைகுழிக்குப் போனது. அதற்கு முன்பே பென்சில்வேனியாவின் ஷிப்பிங்போர்ட் நிலையக் கலன் பனாமா கால்வாய் வழியாக அதே ஹான்ஃபோர்டைச் சேர்ந்தது.

இரண்டு வெற்றிகளுக்கும் பின்னால் ஒரே நிபந்தனை இருக்கிறது. நிலையத்தின் வாசலில் நீர்வழி, மறுமுனையிலும் நீர்வழி, அங்கே முழுப் பொதியையும் அப்படியே ஏற்கும் புதைகுழி. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பொதி நின்றுவிடும். கலிஃபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே 1 இதைக் காட்டியது. 1992இல் மூடிய உலை. கலன் பொதியாகத் தயாராகியும், கடல்வழித் திட்டம் கைகூடாமல் நிலையத்திலேயே நின்று, 2020இல்தான் ரயிலிலும் பிறகு சாலையிலுமாக யூட்டா போனது. இன்னொரு சுலபமான மாறுபாடு, உட்பாகங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுச் சுவரை முழுதாக அனுப்புவது. அல்லது ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் செய்ததுபோலக் கலனை முழுதாகத் தூக்கி அருகிலேயே உள்ள இடைக்காலக் கிடங்கில் நிறுத்திக் கோபால்ட் தணியக் காத்திருப்பது. கிடங்கு வேலியை ஒட்டியே இருந்தால் இது நல்ல முடிவு. ஆனால் அது வெட்டைத் தவிர்ப்பதல்ல, தள்ளிப்போடுவது. வெட்டும் திறன் உள்ள ஆட்களும் கட்டடமும் அன்றைக்கும் இருக்க வேண்டும்.

எங்கே எதை

உட்பாகங்களுக்கு: நீருக்கடியில், ரம்பமும் கத்தரியும். நீர்தான் கவசம், அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீர் கோபால்ட்டின் கதிர்வீச்சைப் பத்தில் ஒன்றாக்கும். மேலே நிற்பவர்களுக்கும் துண்டுக்கும் இடையே சில மீட்டர் நீர் எப்போதும் இருக்கும்படி, துண்டைத் தூக்கும் உயரத்துக்குக் கிரேனில் வன்தடுப்பு வைக்க வேண்டும். பேஃபிளை முதலில் போல்ட் அவிழ்த்துத் தகடாகப் பிரிக்க முடிந்தால் வெட்டு நீளம் மிகக் குறையும்.

சுவருக்கு: கலனைத் தூக்கி நிறுத்த இடமும், போதுமான அளவு தணிந்த கதிர்வீச்சும் இருந்தால் காற்றில் கேஸ் கட்டிங், வெளிப்பக்கத்திலிருந்து. அந்த இடம் இல்லாமல், ஆனால் பெரிய நீர்க்குளம் இருந்தால் நீருக்கடியில் பேண்ட் ரம்பமும் மில்லிங்கும். இரண்டுமே இல்லாமல் கலன் இருக்கும் குழியிலேயே உள்ளிருந்து வெட்ட வேண்டிய நிலை வந்தால்தான் நீர்த்தாரை. அப்போதும் மணல் பிரிக்கும் அமைப்பை வெட்டும் கருவியைவிடக் கவனமாகச் சோதித்த பிறகு மட்டும். வாயிலில் ஆறும் மறுமுனையில் குழியும் இருந்தால் இதையெல்லாம் பேசவே வேண்டாம், முழுதாக எடுத்துவிடுங்கள்.

எந்தத் தேர்வானாலும் முழு அளவு மாதிரி ஒன்றில், அதே நீராழத்தில், அதே கேமராக்களோடு, வேலை செய்யப்போகும் அதே ஆட்கள் வெட்டிப் பழக வேண்டும். பழைய வரைபடத்தில் உள்ள அளவும் கலனில் உள்ள அளவும் ஒன்றாக இருப்பதில்லை. வெப்பத்தாலும் கதிர்வீச்சாலும் தகடுகள் வளைந்திருக்கும், கட்டுமானத்தின்போது செய்த சில வெல்டிங் வரைபடத்தில் ஏறியிருக்காது. மாதிரியில் சில மி.மீ. பிசகை வேண்டுமென்றே வைத்துப் பயிற்சி தருவது நல்லது.

ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டாவது கருவி ஒன்றின் பெயர் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது வேறு தத்துவத்தில் இயங்குவதாகவும் இருக்க வேண்டும். ரம்பம் மாட்டிக்கொண்டால் இன்னொரு ரம்பம் உதவாது. பிளாஸ்மாவோ நீர்த்தாரையோ உதவும். அந்த இரண்டாவது கருவிக்கான காற்றோட்டம், ஹைட்ரஜன் கணக்கு, ஒழுங்குமுறை அனுமதி மூன்றும் வேலை தொடங்கும் முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். பாதி வெட்டிய பேஃபிள் தகடு கிரேனில் தொங்கும் நாளில் அனுமதிக்கு விண்ணப்பம் எழுத உட்கார முடியாது.